வரி அமெரிக்காவுல, வெட்டு எங்க தையல் கூலில

திருப்பூர்ல எக்ஸ்போர்ட் பண்ற கம்பெனி முதலாளிகளுக்கும், வெளிநாட்டு பிராண்டுகளுக்காக இங்க உக்காந்து ஆர்டர் போடுற பையிங் ஆபீஸ்காரங்களுக்கும்,

2025 செப்டம்பர் 29, திங்கக்கிழம ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு எனக்கு ஒரு வாட்ஸப் வந்துச்சுங்க. ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் இருக்கு, பொரி கடலைக்கும் பூசணிக்காய்க்கும் சொல்லிட்டு அப்பதான் என் தையல் யூனிட்டப் பூட்டிட்டு வண்டிய எடுக்குறேன். அமெரிக்க வரி காரணமா ஜாப்வொர்க் ரேட்ட, அதாவது கம்பெனி துணிய தச்சுக் குடுக்குற கூலிய, குறைக்குறோம், 19 ரூபாய்க்கு தச்சுக்கிட்டு இருந்த ரவுண்ட் நெக் டீசர்ட் இனி 17.25, ஆகஸ்ட் 1ல இருந்து அமல், ஒத்துழைப்புக்கு நன்றின்னு ஒரு கும்பிடு படம் வேற. ஆகஸ்ட் 1ங்கிறத மட்டும் ரெண்டு தடவ படிச்சேன். செப்டம்பர் கடைசில நின்னுக்கிட்டு, தச்சு முடிச்சு செக்கிங் பண்ணி டெலிவரி சலான் போட்டு அனுப்புன பீஸுக்கு ரேட்ட குறைக்குறாங்க. எந்தக் கம்பெனின்னு நான் சொல்லப்போறதில்ல, சொன்னா எனக்குத்தான் அடுத்த லாட் வராது, தவிர இந்த மெசேஜ் எனக்கு மட்டும் வந்ததும் இல்ல. நாலு வேற கம்பெனிக்கு தைக்குற நாலு யூனிட்காரங்க கிட்ட கேட்டேன், வார்த்தைதான் கொஞ்சம் மாறுது, வெட்டு ஒண்ணுதான்.

அதனாலதான் எல்லாருக்கும் சேத்து எழுதுறேன்.

என் யூனிட்ல 18 மெஷின், 26 பேரு. பத்தாவது முடிச்சிட்டு ஒரு பனியன் கம்பெனில டெய்லருக்கு உதவியா துணி கைமடிக்கப் போனவன், அப்புறம் ஓவர்லாக் மெஷின் பழகி, 2009ல ஆறு மெஷினோட சொந்தமா போட்டேன். எக்ஸ்போர்ட் பாடம் நான் எந்த காலேஜ்லயும் படிக்கல, ஆனா வெளிநாட்டுல எவனாவது தும்முனா எந்த தெருவுல மொதல்ல காய்ச்சல் வரும்னு எனக்குத் தெரியும்.

அந்த ஆகஸ்ட் மாசத்து கதைய நீங்க மறந்திருப்பீங்க, நான் ஞாபகப்படுத்துறேன். ஆகஸ்ட் 7ல இருந்து நம்ம சரக்குக்கு அமெரிக்காவுல 25 சதவீதம் வரி வந்துருச்சு, 27ல இருந்து இன்னொரு 25 சேரப்போகுதுன்னு டிரம்ப் அறிவிச்சுட்டாரு, அதுக்குள்ள சரக்கு போயாகணும்னு உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு நாளைக்கு எட்டு போன். 22,000 பீஸ், கருநீலம், 15ஆம் தேதிக்கு முன்னாடி வேணும்னு நின்னீங்க. ஒண்ணரை ஷிப்ட் ஓட்டுறவங்கள ரெண்டு ஷிப்ட் ஓட்டச் சொல்லி நானே கெஞ்சுனேன். ராத்திரி ரெண்டு மணிக்கு டீ வாங்கிட்டு வந்து குடுத்தேன், பேட்லாக் மெஷின் ஓட்டுற ஒரு அக்கா பையனுக்கு காய்ச்சல்னு தெரிஞ்சும் வீட்டுக்குப் போகாம உக்காந்து தச்சுக் குடுத்தாங்க. 14ஆம் தேதி சாயங்காலம் கடைசி மூட்டை போச்சு. சரக்கு ஃப்ளைட்ல ஏறிடுச்சு, 27க்கு முன்னாடியே அங்க இறங்கிரும், பொழைச்சோம்னு ஆர்டரப் பாத்துக்குற உங்க மெர்ச்சண்டைசரே எனக்கு போன் பண்ணி சொன்னாரு. அதாவது அந்த ரெண்டாவது 25 அந்த துணி மேல விழவே இல்ல. அந்த லாட்டுக்குத்தான் இப்ப 38,500 ரூபாய பில்லுல கழிச்சுக்குறோம்னு டெபிட் நோட் வந்திருக்கு.

வரி கஷ்டம் பொய்யின்னு நான் சொல்ல வரல. 2025 ஆகஸ்ட் கடைசில பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் இலங்கைக்கும் 20 சதவீதம், பாகிஸ்தானுக்கும் இந்தோனேசியாவுக்கும் 19, நமக்கு மட்டும் 50ன்னு ஆச்சு. காட்டன் டீசர்ட்டுக்கு அமெரிக்காவுல ஏற்கனவே இருக்குற 16.5 சதவீதத்தோட சேத்தா 66.5. இதுல எவன் ஆர்டர் போடுவான். திருப்பூர் எக்ஸ்போர்ட் வருசத்துக்கு சுமார் 40,000 கோடி, அதுல மூணுல ஒரு பங்கு பக்கம் அமெரிக்காதான். பெரிய பெரிய யூனிட்டெல்லாம் லைன நிறுத்தி வச்சிருக்காங்க, நஷ்டத்துல ஓட்டிக்கிட்டு ஆளுங்கள விடாம வச்சிருக்குற முதலாளிகளும் இருக்காங்க, அவங்கள எனக்கே தெரியும், அவங்களுக்கு இந்த மடல் இல்லைங்க.

ஆனா வரிங்கிறது வெளிய அடிக்குற மழை மாதிரி. மழை எல்லார் மேலயும்தான் பெய்யுது, யாரு நனையணுங்கிறது வீட்டுக் கூரைய யாரு எப்படி மேஞ்சாங்கங்கிறதப் பொறுத்தது. 50ன்னு போட்டது வாஷிங்டன். அந்த 50ல எனக்கு 1.75ன்னு பிரிச்சது இங்க அவினாசி ரோட்டுல, ஏசி ரூம்ல, ஒரு எக்செல் சீட்டுல. அந்த ரூம்ல எங்க ஆளு ஒருத்தர் கூட கிடையாது.

கணக்கு போட்டுப் பாக்கலாம் வாங்க. போன வருசம் ஒரு ஸ்டைலுக்கு பேக்கிங்கும் எங்க கிட்டயே குடுத்தீங்க, அதனால டேக் நாங்கதான் கோத்தோம். டேக்ல போட்டிருந்த விலை 16.99 டாலர். அந்த பீஸோட எஃப்ஓபி, அதாவது இங்க கப்பல் ஏத்துற வரைக்கும் உள்ள விலை, 3 டாலர் சுமாருன்னு உங்க ஆபீஸ் பையன் ஒருத்தர் வாய் தவறி சொன்னாரு. வரி போடுறது அந்த 3 டாலர் மேலதான், 16.99 மேல இல்ல. புதுசா வந்த 50 சதவீதம்னா ஒண்ணரை டாலர். டாலர் இந்த 2025 அக்டோபர்ல 88 ரூபா, ஆக 132 ரூபா. என் கூலி 19 ரூபா. நான் 26 பேரையும் வச்சுக்கிட்டு ஓசிலயே தச்சுக் குடுத்தாலும் அந்த 132ல 113 அப்படியே நிக்கும். அப்ப என் கிட்ட இருந்து எடுக்குற ஒண்ணே முக்கா ரூபாயால அந்த வரில எந்த ஓட்டைய அடைக்கப் போறீங்க?

எனக்கு அந்த ஒண்ணே முக்கா என்னன்னும் சொல்லிடுறேன். 19 ரூபாயில டெய்லருங்களுக்கு, ஓவர்லாக் பேட்லாக் சிங்கர் மெஷின் எல்லாம் சேத்து 9.50 போகுது. கைமடி, செக்கிங், பிசிர் வெட்டு 3.25. நூலும் ஊசியும் 1.25. வாடகையும் கரண்டும் 2.50. மெஷின் லோன் பீஸுக்கு பிரிச்சா 1.25. எனக்கு நிக்குறது ஒண்ணேகால் ரூபா. அதுல 1.75 எடுத்தா நான் ஒவ்வொரு டீசர்ட்டுக்கும் கைல இருந்து அம்பது பைசா போட்டு உங்களுக்குத் தைக்குறேன். 16.99 டாலருக்கு விக்குற சட்டைக்கு சலுகை குடுக்குறது நானாம்.

இன்னொண்ணும் இருக்கு, யாரும் பேச மாட்டேங்குறீங்க. மே மாசம் 85 பக்கத்துல இருந்த டாலர் இப்ப 88 தாண்டிருச்சு. 3 டாலர் பீஸுக்கு அதுலயே 9 ரூபா கூட வருது. பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரிய ஆகஸ்ட் 19ல இருந்து எடுத்துட்டாங்க, மொதல்ல செப்டம்பர் 30 வரைக்கும்னாங்க, அப்புறம் டிசம்பர் 31 வரைக்கும்னாங்க. 9 ரூபாயும் முழுசா உங்க கைக்கு வராது, பாதி டாலர பழைய ரேட்டுக்கே பாங்க்ல முன்கூட்டியே புக் பண்ணிருப்பீங்க, கொஞ்சத்த பையர் புடுங்கிருப்பான், எல்லாம் தெரியும். ஆனா டாலர் ஏறுனா அது கம்பெனி கணக்கு, வரி ஏறுனா அது ஜாப்வொர்க்காரன் கணக்கு, இந்த ஏற்பாட்ட எந்த மீட்டிங்ல முடிவு பண்ணீங்கன்னு மட்டும் சொல்லுங்க. பிரிட்டனோட ஜூலை 24ல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, அது அமலுக்கு வந்தா நம்ம துணிக்கு அங்க வரியே கிடையாதுங்குறாங்க. அன்னைக்கு ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு, உங்க ரேட்ட 1.75 ஏத்திருக்கோம்னு கும்பிடு படத்தோட மெசேஜ் வருமாங்க?

இது இந்த ஊருக்கு புதுசும் இல்ல. 2011 ஜனவரி 28, சாயப்பட்டறைங்க மொத்தத்தையும் மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு வந்துச்சு. 2006லயே ஒரு சொட்டு கழிவுத்தண்ணி கூட வெளிய விடக்கூடாதுன்னு சொன்ன கோர்ட்டு, நாலு வருசத்துக்கு மேல ஆகியும் நடக்கலன்னதும் பூட்டச் சொல்லிருச்சு. அப்ப எனக்கு ஆறு மெஷின், கல்யாணம் ஆகி ஒரு வருசம் கூட ஆகல. துணி சாயம் ஏறாம வெள்ளையாவே கெடக்கு, வெளியூர்ல சாயம் போடுறதுக்கு லாரில ஏத்துறாங்க, வர்ற துணி ஒரு ரோலுக்கும் இன்னொரு ரோலுக்கும் ஷேடு ஒத்து வராது, தச்சுட்டு திரும்பப் பிரிப்போம். மூணு மாசம் நான் வாரச் சம்பளம் குடுத்தது என் சம்சாரத்தோட நகைல.

அந்தத் தீர்ப்பு தப்புன்னு நான் அப்பவும் சொல்லல இப்பவும் சொல்லல. சம்சாரத்தோட தாய்மாமனுக்கு ஒரத்துப்பாளையம் அணை பக்கத்துல தோப்பு. கல்யாணம் ஆன புதுசுல விருந்துக்குப் போனோம், மரத்துல ஏறி இளநி பறிச்சு வெட்டிக் குடுத்தாரு. ஒரு வாய் குடிச்சேன், கரிச்சுது. நான் மூஞ்சிய மாத்துறதப் பாத்துட்டு அவர் சிரிச்சாரு, "உங்க ஊரு பனியன் தண்ணிதான் மாப்ள, குடிங்க"ன்னாரு. சாயத்துக்குப் போடுற உப்பு அத்தனையும் நொய்யல் ஆத்துல போய், பாசனத்துக்குன்னு கட்டுன அணைல தேங்கி, அந்த மண்ணையும் கிணத்தையும் கெடுத்துருச்சு. நாம டாலர் சிட்டின்னு மார் தட்டுன அத்தனை வருசமும் நம்ம எக்ஸ்போர்ட் விலைல சேராத ஒரு செலவ அந்த விவசாயிங்க கட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்களும் விலை பேசுற ரூம்ல இல்லாதவங்கதான்.

அப்புறம் சுத்திகரிப்பு நிலையங்கள சரி பண்ணாங்க, மாநில அரசு 200 கோடி வட்டியில்லா கடன் குடுத்துச்சு, தண்ணிய திரும்ப எடுக்குறது, உப்பைக் காய வச்சு எடுக்குறதுன்னு எல்லாம் வந்துச்சு. இன்னைக்கு உலகத்துல வேற எந்த ஊர்க்காரன் கிட்டயும் தைரியமா சொல்லிக்கலாம், நாங்க ஆத்துல சாயத்தண்ணி விடாம துணி பண்றோம்னு. ஆனா அதுக்கு ஒரு கிலோவுக்கு ஆகுற கூடுதல் செலவ எந்த வெளிநாட்டு பையரும் விலைல ஏத்திக் குடுத்ததா நான் கேள்விப்படல. டேக்ல மட்டும் பச்சை இலை படம் போட்டுக்குறாங்க. அந்த இலை டேக்கையும் நான் கோத்திருக்கேன், அதுக்கு தனி ரேட்டு கிடையாது.

பையிங் ஆபீஸ்காரங்களே, இனி உங்களுக்கு. உங்க ஆபீஸ்ல ரெண்டு டிபார்ட்மென்ட் இருக்கு, அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்லைன்னு நான் ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன். பங்களாதேஷ்ல துணி தைக்குற கம்பெனிங்க இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்தாங்க, 2013 ஏப்ரல் 24. அதுக்கப்புறம் ஆடிட் ஆடிட்டுன்னு நீங்க வந்தது நியாயம்தான், படிக்கட்டுல மூட்டை வைக்கக்கூடாதுன்னு எனக்குப் புத்தி வந்ததே உங்களாலதான். ஜூன் மாசம் ஆடிட் வந்தவரு தீயணைப்பு சிலிண்டர் தேதிய பாத்தாரு, முதலுதவிப் பொட்டிய தெறந்து பேண்டேஜ எண்ணுனாரு, ஓவர்டைம் ரிஜிஸ்டர பக்கம் பக்கமா புரட்டுனாரு, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓவர்டைம் ஓடுனா மார்க் போயிரும்னு கையெழுத்து வாங்கிட்டுப் போனாரு. ரெண்டு மாசம் கழிச்சு அதே பிராண்டோட இன்னொரு ஆளு, 22,000 பீஸ் 14ஆம் தேதி வேணுங்கிறாரு. நான் எதக் கேக்குறது? ஆடிட் ஆளு என் கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கல: உனக்கு என்ன ரேட்டு குடுக்குறாங்க, எத்தன நாள்ல குடுக்குறாங்க?

எத்தன நாள்லன்னு நானே சொல்றேன். ஜூலை 10ஆம் தேதி போட்ட பில்லு 3,40,000. இன்னைக்கு அக்டோபர் 6, 88 நாள் ஆச்சு. ஆகஸ்ட் லாட்டுக்கு 4,18,000, அதுலயும் ஒரு ரூபா வரல. சின்ன யூனிட்டுக்கு 45 நாளைக்குள்ள பணம் குடுக்கணும்னு குறு சிறு தொழில் சட்டத்துலயே இருக்கு, எழுதிக்குடுத்த ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்தான், தாண்டுனா ரிசர்வ் பாங்க் ரேட்டு மாதிரி மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டுவட்டி. இப்ப வருமான வரிச் சட்டத்துலயும் சேத்துட்டாங்க, அந்த நாளுக்குள்ள குடுக்கலைன்னா குடுக்குற வரைக்கும் அத செலவா காட்ட முடியாது. உங்க ஆடிட்டருக்கு இது எல்லாம் என்னவிட நல்லாத் தெரியும், அதான் மார்ச் மாசம் மட்டும் எல்லார் பில்லும் டாண்ணு க்ளியர் ஆகுது. புகார் குடுக்க ஆன்லைன்ல வழி இருக்கு. குடுத்தவனுக்கு அடுத்த லாட் வராதுங்கிறதும் எங்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், அதனாலதான் யாரும் குடுக்குறதில்ல.

2020 கொரோனாவுல ஷிப்மெண்ட்டுக்கு ரெடியா நின்ன சரக்க வேண்டாம்னாங்க. 2022ல பஞ்சு ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, லட்ச ரூபாயத் தாண்டி நூல் விலை எகிறுச்சு. இப்ப வரி. ஒவ்வொரு தடவையும் நீங்க சொல்ற வார்த்தை ஒண்ணுதான், எல்லாரும் சேந்து தாங்கிக்கணும். சேந்து தாங்குறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. ஆனா சேந்துன்னா எத்தன பேரு, யாரு எவ்ளோன்னு தெரியணும்ல? பையர் எத்தன சதவீதம் டிஸ்கவுண்ட் கேட்டாரு, அதுல பையர் ஏத்துக்கிட்டது எவ்ளோ, கம்பெனி எவ்ளோ, மில் எவ்ளோ, சாயப்பட்டறை எவ்ளோ, கடைசில என் தலைல எவ்ளோன்னு ஒருத்தரும் ஒரு பேப்பர் காட்டல.

18, 19ஆம் தேதிக்குள்ள என் யூனிட் காலியாயிரும். ஒடிசா பசங்க நாலு பேரு, ஜார்கண்ட் பசங்க மூணு பேரு, தன்பாத் எக்ஸ்பிரசுக்கு டிக்கெட் போட்டுட்டாங்க. 20ஆம் தேதி தீபாவளி. போனஸ் கணக்குல கழிச்சுக்கங்கன்னு ஏற்கனவே பாதி பேரு அட்வான்ஸ் வாங்கியாச்சு. போற பசங்க திரும்பி வர்றதும் வராததும் இந்த ரெண்டு வாரத்துல நான் அவங்க கைல என்ன குடுக்குறேன்ங்கிறதுல இருக்கு. நாளைக்கு வரி கொறஞ்சு ஆர்டர் கொட்டுறப்ப, அந்த 22,000 பீஸ தைக்க ஆளு வேணும்ல.

அதனால நான் கேக்குறத நேரா கேட்டுடுறேன்.

எக்ஸ்போர்ட் முதலாளிகளே, ஆகஸ்ட் 1ல இருந்து போட்ட பின்தேதி வெட்ட வாபஸ் வாங்குங்க, அதுக்குப் போட்ட டெபிட் நோட்ட கேன்சல் பண்ணுங்க. தச்சு முடிச்ச பீஸுக்கு பேசுன ரேட்டுதான் ரேட்டு. 45 நாள் தாண்டுன எல்லா ஜாப்வொர்க் பில்லையும் அக்டோபர் 15ஆம் தேதிக்குள்ள க்ளியர் பண்ணுங்க, வட்டி எல்லாம் நான் கேக்கல, அசல குடுங்க. இனி புது ஆர்டருக்கு ரேட்டக் குறைக்கணும்னா கட்டிங் போறதுக்கு முன்னாடி எழுத்துல சொல்லுங்க, ராத்திரி வாட்ஸப்ல வேண்டாம். ஸ்டைலுக்கு ஒரு சீட்டு, பையர் கேட்ட டிஸ்கவுண்ட்ட யாரு யாரு எவ்ளோ சுமக்குறாங்கன்னு, அத எங்களுக்கும் காட்டுங்க. வரி எவ்ளோ கொறையுதோ அந்த அளவுக்கு எங்க ரேட்டும் தன்னால ஏறணும்னு அதே சீட்டுல ஒரு வரி எழுதுங்க. உங்க சங்கத்துல ரேட்டு பேசுறப்ப ஜாப்வொர்க் யூனிட் சார்பா ரெண்டு பேருக்கு நாற்காலி போடுங்க.

பையிங் ஆபீஸ்காரங்களே, துணி கட்டிங் போனதுக்கு அப்புறம் விலைய தொடாதீங்க, அத உங்க பர்சேஸ் ஆர்டர்லயே எழுதிக்குடுங்க. அடுத்த தடவ ஆடிட்டுக்கு ஆள் அனுப்புறப்ப அவர் கைல இருக்குற லிஸ்ட்டுல ரெண்டு கேள்வி சேத்து அனுப்புங்க, யூனிட்டுக்கு என்ன ரேட்டு, கடைசி பில்லுக்கு எத்தன நாள்ல பணம் வந்துச்சு. சலான், பில், பாங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் வருச வாரியா ஃபைல் போட்டு வச்சிருக்கேன், சிலிண்டருக்குப் பக்கத்து அலமாரிலதான் இருக்கு.

என் நம்பர் உங்க மெர்ச்சண்டைசர் எல்லார் கிட்டயும் இருக்கு. 15ஆம் தேதி சாயங்காலம் வரைக்கும் போன கைலயே வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
திருப்பூர் ஜாப்வொர்க் யூனிட்காரன் ஒருத்தன்